ஏழாம் மதிலில் நின்றவன்

என் வீட்டுக்காரர் சுகுமாரன் லாரி ஓட்டுநர். ஆறடி உயரம், நூறு கிலோ எடை. கேமரன் மலையிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு சிம்பாங் பூலாய் சாலையில் இறங்குகிறவர். அந்த மனுஷன் கதைப் புத்தகம் படித்துவிட்டு அழுவார் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். நான் அந்த அழுகையோடு குடித்தனம் நடத்தியவள்.

புத்தகத்தின் பெயர் ‘எழுமதில்’. ஏழு பாகம். தமிழ்நாட்டிலிருந்து மலேசியாவுக்குத் தபாலில் வரவழைப்பார். ஒவ்வொன்றும் செங்கல் கனம். ஒரு நகரம், அதைச் சுற்றி ஏழு மதில்கள், வெளியே சாம்பல் படை. பாகத்துக்கு ஒரு மதில் விழும். ஊர்மக்கள் அடுத்த மதிலுக்குள் ஓடிச் சேரும்வரை யாராவது ஒருவர் பின்னால் நின்று சண்டை போட்டுச் சாக வேண்டும். அவ்வளவுதான் கதை. எழுதியவர் நன்றாகச் சாகடிப்பார் என்பதை மட்டும் நான் ஒத்துக்கொள்கிறேன்.

மலையில் தோட்டக்காரர்கள் காய்கறி ஏற்றி முடிக்கும்வரை இவருக்கு வேலையில்லை. ஸ்டேரிங்மேல் புத்தகத்தைச் சாய்த்துவைத்துப் படிப்பார். கதையில் யாராவது செத்தால் உடனே எனக்குச் சொல்லியாக வேண்டும். நான் ஈப்போவில் கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். அப்பாவும் அம்மாவும் சுங்காய் தோட்டத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டினார்கள், மகள் நான் அதே ரப்பரைப் பெட்டியில் அடுக்குகிறேன். வேலை நேரத்தில் போன் அலமாரியில் பூட்டிக் கிடக்கும். பத்தேகாலுக்குத் தேநீர் இடைவேளை, பதினைந்தே நிமிஷம். அது அவருக்குத் தெரியும். எவன் எப்போது செத்தாலும் துக்கம் சரியாகப் பத்தேகாலுக்கு வந்துவிடும்.

முதல் பாகத்தின்போது நான் நிஜமாகவே பயந்துபோனேன்.

“புஷ்பா, கொற்றன் போயிட்டான்லா.”

மூக்கை உறிஞ்சும் சத்தம் வேறு. “எந்தக் கொற்றன்? சுங்காய்ல உங்க மாமா மகனா?” என்று கேட்டேன்.

“இல்லம்மா. மொத மதில் காவக்காரன்.”

பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பார்கள். மூன்றாம் பாகத்தில் ஓடக்காரி முல்லி செத்தபோது, ‘சரிங்க, எனக்கு நாசி லெமாக் சோறு ஆறுது’ என்றேன். ஐந்தாம் பாகத்தில் ஒரு குதிரை செத்தது. அதற்கும் போன் வந்தது.

எனக்கு அந்தக் கதையில் ஒரு கோபம் உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோழி வெட்டிக்கொண்டே அதைக் கேட்டேன்.

“சாகறவனுக்கெல்லாம் பொண்டாட்டி புள்ள இருக்குல்ல? அந்தக் கடைசி நேரத்துல ஒருத்தனாச்சும் அவங்கள நெனக்கிறானா? ஊரு, கொடி, மதிலுன்னு பேசிட்டே செத்துப் போறான்.”

“நெனப்பான்லா. எழுதறவரு எழுதல, அவ்ளோதான்.”

“எழுதலன்னா நெனக்கலன்னுதான் அர்த்தம்.”

“கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை” என்று என் தலையில் தட்டிவிட்டுப் போனார். கையில் கத்தி இருக்கிறது என்று எச்சரித்தேன். இருவரும் சிரித்தோம்.

போன மாதம் ஏழாம் பாகம் வந்தது. கடைசி மதில். தளபதி இளவேழன் பிழைப்பானா மாட்டானா என்று சாப்பாட்டு நேரத்திலெல்லாம் அதே பேச்சு. மகள் தினேஸ்வரி, “அப்பா, எஸ்பிஎம் பரீட்சை எழுதறது நானு, டென்ஷன் உங்களுக்கா?” என்று கேட்டாள்.

அன்றைக்கு வியாழக்கிழமை. பத்து பதினேழுக்குப் போன் அடித்தது. நான் குமுதாவோடு கேண்டீனில் உட்கார்ந்திருந்தேன். திரையில் அவர் பெயர். சிவப்புப் பொத்தானை அழுத்தினேன்.

“யாருக்கா?” என்றாள் குமுதா.

“எங்க வீட்டுக்காரரு. கதையில யாரோ செத்திருப்பான்.”

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இன்றைக்கு நினைத்தாலும் என் வாயை நானே கிழித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

மத்தியானம் போலீஸ்காரர் தொழிற்சாலைக்கு வந்தார். இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லையாம். கீழே சாலை வேலை நடந்ததால் வண்டிகள் வரிசையாக நின்றிருந்தன. இவர் லாரியை ஒடித்து மலைச்சரிவில் மோதிவிட்டார். வரிசையில் ஒரு வண்டிக்கும் கீறல் இல்லை.

அப்புறம் என் புருஷன் எல்லோருடைய போனிலும் மாவீரன் ஆனார். பின்னணியில் மேளம், படத்தைச் சுற்றி நெருப்பு. ஒரு சங்கத்தார் பொன்னாடையோடு வந்தார்கள். யாருக்குப் போர்த்துவது என்று புரியாமல் போட்டோவுக்குப் போர்த்திவிட்டுப் போனார்கள். நான் யாரோடும் பேசவில்லை. துக்கத்தில் ஊமையாகிவிட்டாள் என்றார்கள். துக்கம்தான். ஆனால் அந்தப் போனைப் பற்றி வாயைத் திறந்து யாரிடம் சொல்வேன்?

எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அவர் எப்போது கூப்பிட்டார்? மலையில் நின்றுகொண்டு கதை சொல்லக் கூப்பிட்டாரா, இல்லை ஓடுகிற லாரியிலிருந்தா? முதலாவதாக இருக்கட்டும் என்று எல்லாச் சாமியையும் கும்பிட்டேன். போலீஸ் திருப்பிக் கொடுத்த பையில் போன் நொறுங்கிக் கிடந்தது. புத்தகம் முழுசாக இருந்தது. முட்டைக்கோஸ் எடைச் சீட்டை நானூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் அடையாளம் வைத்திருந்தார். புரட்டிப் பார்த்தேன். இளவேழன் அந்தப் பக்கத்தில் இன்னும் உயிரோடுதான் இருந்தான்.

பதினாறாம் நாள் கருமாதி. காலையில் ஒரு சீனர் பிஸ்கட் டின்னோடு வாசலில் நின்றார். லியோங் என்று பெயர். அன்றைக்கு வரிசையில் கடைசியாக நின்ற வேனை ஓட்டியவர். உள்ளே பதினோரு பேர். எங்கள் வண்டியில் மோதியிருந்தால் உங்கள் கணவர் பிழைத்திருப்பார், நாங்கள் இருந்திருக்க மாட்டோம் என்று மலாயில் சொன்னார். உட்காரச் சொன்னேன். பின்னால் பார்க்கும் கண்ணாடியில் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டேன். பதினாறு நாளில் நானாகக் கேட்ட முதல் கேள்வி அது.

லாரி நேர்ச்சாலையில் ஹார்ன் அடித்துக்கொண்டே வந்ததாம். கிட்டே வந்ததும் முகம் தெரிந்ததாம். காதில் போன் வைத்திருந்தாராம்.

“பேசினாரா?”

“இல்லை. காதில் வைத்துக்கொண்டு காத்திருந்த மாதிரி இருந்தது. அப்புறம் போனை எடுத்து ஒருமுறை பார்த்தார். கீழே வைத்தார். இரண்டு கையாலும் ஸ்டேரிங்கைப் பிடித்து ஒடித்தார்.”

நான் தலையாட்டினேன். அவருக்குப் பாலில்லாத கோப்பி ஓ கலந்து கொடுத்தேன்.

மத்தியானம் படையல் போட்டார்கள். தலைவாழை இலையில் ஆட்டுக்கறி, நெத்திலிச் சம்பல், ஒரு குவளை பால் கோப்பி. அவருக்குப் பிடித்ததெல்லாம் வைக்க வேண்டுமே என்று தினேஸ்வரி ஏழாம் பாகத்தையும் கொண்டுவந்து இலை ஓரத்தில் வைத்தாள். சாம்பிராணி காட்டி முடித்ததும் எல்லோரும் வெளியே போய்க் கதவைச் சாத்துவது வழக்கம். செத்தவர் வந்து சாப்பிடும்போது யாரும் பார்க்கக் கூடாது.

நான் எழுந்திருக்கவில்லை.

“வா புஷ்பா” என்றார் என் நாத்தனார் மங்களம். “தம்பி சாப்பிட வர்ற நேரம். ஆளு இருந்தா வராது.”

“நான் இருந்தா வருவாருக்கா. கதவ சாத்துங்க.”

அவர் என் முகத்தைப் பார்த்தார். கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

நான் புத்தகத்தை எடுத்துச் சீட்டு இருந்த இடத்தில் பிரித்தேன். இலைக்கு எதிரே உட்கார்ந்து சத்தமாகப் படித்தேன். மக்கள் கோயில் குகைக்குள் ஓடுகிறார்கள். குகைவாய் மூடும்வரை ஏழாம் மதிலில் ஒருவன் நிற்க வேண்டும். இளவேழன் நின்றான். ஆறு பக்கம் சண்டை போட்டான். கடைசியில் கொடியைப் பார்த்தான், வானத்தைப் பார்த்தான், விழுந்தான். பெண்டாட்டியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பாவி மனுஷன் ஏழு பாகம் எழுதியும் திருந்தவில்லை.

வெளியே மங்களம் அக்கா மெதுவாகக் கதவைத் தட்டினார். அந்தப் பக்கத்தின் கீழே கொஞ்சம் வெள்ளையாக இடம் இருந்தது. அங்கே எழுதியிருப்பதைப் போலவே விரலை வைத்துக்கொண்டு அவருக்குப் படித்துக் காட்டினேன்.

“விழறதுக்கு முன்னால அவன் பொண்டாட்டிய நெனச்சான். கூப்பிட்டான். அவ எடுத்தா.”

அதற்கடுத்த வரி எனக்கு வரவில்லை. எடுத்திருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியாதே. கோப்பியில் ஆடை படிந்துவிட்டது. கதவை மறுபடியும் தட்டினார்கள். நான் விரலை அங்கிருந்து எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன்.