சொல்லாமல் விட்டதன் எடை

சமரச மையத்தில் சேர்ந்த அன்று சமரசர் அம்மாளின் எடை ஐம்பத்திரண்டு கிலோ. பதினாலாம் வருஷம் முந்நூற்று ஆறு. ரவிக்கை அளவு மட்டும் மாறவே இல்லை. இரண்டு தரப்புக்கும் நடுவில் உட்காருகிறவர் யாருக்கும் சட்ட யோசனை சொல்லக் கூடாது என்பது அங்கே விதி. அவரோ அதற்கு முன் இருபது வருஷம் வக்கீல். நாக்கு நுனிவரை வந்த சட்டத்தை விழுங்கும்போதெல்லாம் கால் கிலோ, அரைக் கிலோ என்று ஏறிற்று. லிஃப்ட் அவரைத் தூக்க மறுத்ததும் அறையைக் கீழ்த்தளத்துக்கு மாற்றினார்கள். டாக்டர் சத்துக் குறைவு என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். இரண்டாம் வருஷம் ஒரே ஒரு முறை வாயை விட்டுவிட்டார். அண்ணன் தம்பி கடைத் தகராறில் தம்பியைப் பார்க்கப் பாவமாக இருந்ததால், கேஸ் போட்டால் நீங்கள்தான் ஜெயிப்பீர்கள் என்று சொல்லிவிட்டார். சொன்ன கையோடு ஒன்றரைக் கிலோ இறங்கியது. எழுந்துபோன அண்ணன் திரும்பி வரவே இல்லை. இருவரும் இன்றைக்கும் கோர்ட்டில்தான் முகம் பார்த்துக்கொள்கிறார்கள்.

பதினாலாம் வருஷம் ஒரு தையல்காரியும், பேருந்து ஓட்டும் அவள் அண்ணனும் வந்தார்கள். அப்பா விட்டுப்போன வீட்டில் அவளுக்குப் பங்கே இல்லையென்று அண்ணன் சொல்ல, அவளும் நம்பி, மிஷின் போட்டுப் பிழைக்கும் முன்னறையையும் விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்துவிட்டாள்.

“சரிதானேக்கா? நீங்க படிச்சவங்க, ஒரு வார்த்தை சொல்லுங்க.”

“நான் உங்களுக்கும் வக்கீல் இல்லம்மா, அவருக்கும் இல்ல. தெரியாம யாரும் இங்க கையெழுத்துப் போட வேண்டாம். ஆளுக்கொரு வக்கீலைப் பாத்துட்டு வாங்க, பத்து நாள் தள்ளி வைக்கிறேன்.”

“அவளே சரிங்கறா, உங்களுக்கென்ன?” என்றான் அண்ணன். கல்நெஞ்சக்காரி என்று தையல்காரி முணுமுணுத்தது நன்றாகவே கேட்டது. அந்த ஒரே அமர்வில் பதினொரு கிலோ ஏறி, நாற்காலிக்கு அடியில் தரைக்கல் விரிசல் விட்டது. பத்து நாளும் சமரசருக்கு ஒரே பயம்: அவள் யாரையும் கேட்காமலே வந்து கையெழுத்துப் போட்டுவிட்டால்?

கேட்டுவிட்டுத்தான் வந்தாள். “சரிபாதியாம். உங்களுக்கு அன்னிக்கே தெரியும்தானே?” ஆமாம் என்பதை விழுங்கியதில் சமரசருக்குக் கால் கிலோ ஏறியது. எனக்கும் இப்போதுதான் தெரியும் என்றான் அண்ணன். அதை யாரும் தோண்டவில்லை. நாலு மணி நேரம் பேசி, கீழ்த்தளம் அவளுக்கு, மாடி அவனுக்கு, தண்ணீர் மோட்டார் ஆளுக்கு ஒரு வேளை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். சமரசர் எழப் பார்த்தார், முடியவில்லை. தையல்காரி ஒரு கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள்.

மூன்று வருஷமாக அண்ணனிடம் நேராகப் பேசாதவள், “அந்தக் கையை நீ பிடி,” என்றாள். “மெதுவாண்ணே, பஸ்ஸைத் தள்ற மாதிரி தள்ளாத.” ஒரே பக்கமாக இழுத்தபோது அசையாத உடம்பு, இருவரும் சேர்ந்து பிடித்ததும் சுலபமாக எழுந்தது. இப்போது மையத்தின் படிவத்தில் கையெழுத்துகளுக்குக் கீழே, இரு தரப்பும் சேர்ந்து சமரசரை எழுப்பிவிட வேண்டும் என்று ஒரு வரி அச்சாகி வருகிறது. ஏன் என்று யாரும் கேட்பதில்லை. பேனாவை மூடிவிட்டு, ஆளுக்கொரு பக்கம் போய் நிற்கிறார்கள்.