பெரியவள் விழுந்த மேடை

ஐம்பத்தாறு வயதாகியும் அவளுக்குச் சின்னவள் என்ற பெயர்தான். அக்கா பெரியவள். ஒரு காலத்தில் இருவரும் ஜோடியாக ஆடினால், கண்ணாடியில் பார்த்த மாதிரி இருக்கும் என்பார்கள். முப்பத்திரண்டு வயதில் பெரியவள் மேடையில் விழுந்தாள். முழங்கால் போனது. அதன்பிறகு சின்னவள் தனியாக ஆடினாள், விருதுகள் வாங்கினாள், தையல்கடைக்கு மேலே வகுப்பு தொடங்கினாள். பெரியவள் ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து பிள்ளைகளின் முத்திரைகளைத் திருத்தினாள். கைக்கு அக்கா, காலுக்குத் தங்கை. பெரியவளின் கணவர் தாளம் போட்டார்.

பெரியவள் காய்ச்சலில் போய் ஒன்பது மாதம் ஆகிறது.

அவள் போன மறுமாதமே அந்தச் சத்தம் ஆரம்பித்தது. பதினொரு பிள்ளைகள் ஒன்றாகத் தட்டும்போது, அவர்களுக்கு அடியில் இன்னொரு கால். ஒரு தட்டு, ஓர் இழுப்பு. பெரியவள் நாற்காலியிலிருந்து எழுந்து வரும்போது கேட்குமே, அதே இழுப்பு.

அன்று காலை சின்னவளுக்குப் பொறுக்கவில்லை. கையிலிருந்த கழியைத் தரையில் ஓங்கித் தட்டினாள்.

"யாருடி அது, காலை இழுக்கறது?"

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒவ்வொருத்தியாகத் தனியே ஆடச் சொன்னாள். பதினொரு பேரும் சுத்தமாகத் தட்டினார்கள்.

"டீச்சர், ஃபேன் சத்தமா இருக்கும்," என்றாள் வாயாடி ஒருத்தி. மற்றவர்கள் சிரிப்பை அடக்கினார்கள்.

பாதியிலேயே வகுப்பை முடித்து அனுப்பிவிட்டுச் சின்னவள் சுவரோரம் உட்கார்ந்தாள். ஜன்னலோரக் காலி நாற்காலிப் பக்கம் அவள் பார்க்கவே இல்லை.

"உங்களுக்குக் கேக்கலையா மாமா?"

அக்காவின் கணவர் தாளத்தைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். "எனக்கு வீட்லயும் கேக்குது. பொண்டாட்டி நடந்த சத்தம், எங்க போகும்? ஆனா நீ ஏம்மா இப்படிப் பயப்படற?"

இருபத்தாறு வருஷமாகத் தொண்டையில் முள்ளாகக் கிடந்தது அப்போதுதான் வெளியே வந்தது.

"அன்னைக்கு மத்தியானம் ஒத்திகைக்குப் போனப்ப, மேடையில வலது பக்கம் ஒரு பலகை ஆடுச்சு மாமா. மிதிச்சுப் பாத்தேன். கடைசியில தனியா ஆடற வாய்ப்பை அக்காவுக்குக் குடுத்துட்டாங்கன்னு எனக்கு வயித்தெரிச்சல். அப்புறம் சொல்லிக்கலாம், தச்சர் பாத்துப்பார்னு விட்டுட்டேன். அவ குதிச்சு இறங்கினது அந்தப் பலகை மேல."

அவர் துணியின் முடிச்சை இறுக்கினார். கீழே தையல் மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"அவளுக்குத் தெரியும்," என்றார்.

சின்னவள் நிமிர்ந்தாள்.

"நீ அந்தப் பலகையை ரெண்டு தடவை மிதிச்சதைத் திரைக்குப் பின்னாடி நின்னு பாத்தா. எதுக்கு மிதிக்கறன்னு அப்பப் புரியல. விழுந்தப்பப் புரிஞ்சுதாம்."

"ஏன் என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல?"

"அவளாச் சொல்லட்டும்னா. வகுப்பு முடிஞ்சு வண்டியில போறப்ப தினமும், 'இன்னைக்கும் சொல்லலையே'ம்பா. கொஞ்ச வருஷத்துல அதையும் விட்டுட்டா."

சின்னவளுக்கு அழுகைகூட வரவில்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்து, 'விரலை நல்லா நீட்டுடி கண்ணு' என்று பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டே அக்கா தன்னைப் பார்த்த பார்வைகளெல்லாம் இப்போது வேறு மாதிரி தெரிந்தன.

"தெரிஞ்சுமா எனக்குத் தாளம் போட்டீங்க?"

"எனக்குப் பிடிச்சா போட்டேன்? ஒவ்வொரு நாளும் எந்திரிச்சுப் போயிடலாம்னுதான் இருக்கும். அவதான் விடல. சாகறதுக்கு முந்தின நாள்கூட, 'நீங்களும் போயிட்டா அவ யார்கிட்ட சொல்லுவா? சொல்ற வரைக்கும் இருங்க'ன்னா." அவர் துணிப்பொட்டலத்தைச் சின்னவள் முன்னால் வைத்தார். "சொல்லிட்ட. நாளையிலேர்ந்து நான் வரலைம்மா."

படியில் இறங்கும்போது அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் சின்னவளே தாளம் போட்டு, 'தெய்யா தெய்' என்று சொற்கட்டும் சொன்னாள். இரண்டு இடத்தில் கணக்குத் தப்பியது. பிள்ளைகள் மாமா எங்கே என்று கேட்டார்கள். உடம்பு சரியில்லை என்றாள். மூன்றாம் நாள் பெற்றவர்களையும் வரச்சொல்லி, எல்லோரையும் உட்காரவைத்து நடந்ததைச் சொன்னாள். ஒரு வார்த்தையைக்கூட விழுங்கவில்லை.

அதற்கடுத்த நாள் காலை அவர் வீட்டுக் கதவைத் தட்டினாள். திறந்தவர் ஒரு கையால் கதவைப் பிடித்தபடியே நின்றார்.

"பிள்ளைங்க உங்களைக் கேட்டாங்க மாமா."

"என்ன சொன்ன?"

"நடந்ததை."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும். மூணு பேர் வகுப்பை விட்டு நின்னுட்டாங்க."

அவர் அவள் முகத்தையே பார்த்தார். பிறகு உள்ளே போனார். கதவைச் சாத்தவில்லை. சின்னவள் செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் வாசலிலேயே நின்றாள்.