பூசினாப்போல

ஜுவேரியா துணியின் ஓரத்தைப் பிடித்து இழுத்தாள். எட்டவில்லை. இந்தப் பக்கம் மூடினால் அந்தப் பக்கம் அக்காவின் தோள் தெரிந்தது.

அக்காவின் மய்யத்தைக் குளிப்பாட்டிய ஜைதூன் பீ நிமிர்ந்தாள். “பத்தலம்மா. கடையில அளவு சொன்னது யாரு?”

“நான்தான்.”

காலையில் கஃபன் துணிக் கடைக்காரர் போனில், “உடம்பு எப்டிம்மா?” என்று கேட்டிருந்தார். கூடம் நிறைய உறவுக்காரர்கள். ஜுவேரியா குரலைத் தாழ்த்தி, “கொஞ்சம் பூசினாப்ல” என்றாள்.

அக்கா ஷாகிராவுக்கு அறவே பிடிக்காத வார்த்தை அது. “பூசறதுக்கு நான் இன்னா செவுரா? நெட்டை, குட்டைன்னு சொல்றல்ல, அதுமாரி குண்டுன்னு சொல்லு” என்பாள். மேடையேறினால் “என் பேரு ஷாகிரா. நான் குண்டு” என்றுதான் ஆரம்பிப்பாள். குண்டானவர்கள் உட்காரக் கைப்பிடி இல்லாத நாற்காலி போடச் சொல்லி ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக மனு கொடுத்தாள். ஜுவேரியாவுக்கோ மானம் போகும். அக்கா பேசிய மயிலாப்பூர் கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, யாரோ எவரோ பேசுவதுபோல் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எட்டு மாதமாக வயிற்று வலி. மூன்று டாக்டர்களும் எடை பார்த்தார்கள், “குறைங்க” என்றார்கள், வயிற்றைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. நாலாவது டாக்டர் ஸ்கேன் எடுத்தபோது கட்டி முற்றியிருந்தது. டாக்டர்களை மட்டும் சொல்லி என்ன? சோறு இறங்காமல் அக்கா பத்து கிலோ குறைந்தபோது, முதல் ஆளாக “மாஷா அல்லாஹ்!” என்று பூரித்தவள் ஜுவேரியாதான். அந்த வார்த்தைதான் இப்போது நெஞ்சை அறுத்தது.

“லுஹர் தொழுகைக்கு நேரமாவுது. ஒட்டுப் போட்டு சமாளிச்சுக்கலாம்” என்றாள் ஜைதூன் பீ.

“வாணாம்.”

ஜுவேரியா கூடத்துக்கு வந்து கடைக்குப் போன் போட்டாள். “பாய், காலைல தப்பா சொல்லிட்டேன்.” இந்தமுறை குரலைத் தாழ்த்தவில்லை. “எங்கக்கா பேரு ஷாகிரா. அவங்க குண்டு. நல்ல குண்டு. தாராளமா வெட்டி அனுப்புங்க.”

“மெதுவாடி” என்றாள் பெரியம்மா. ஜுவேரியா திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள்.

அரைமணியில் புதுத் துணி வந்தது. இரண்டு தோளும் மூடியபின் ஒரு சாண் மிச்சமிருந்தது. ஜைதூன் பீ கத்தரிக்கோலைத் தேடினாள்.

“வெட்டாதீங்க” என்றாள் ஜுவேரியா. மிச்சத்தை மடித்து அக்காவின் விலாவோரம் மெல்லச் செருகினாள்.