டார்ச்சுக்கு மசியாத முட்டை

என் கணவர் எலக்ட்ரிஷியன். வெளிச்சம் சம்பந்தப்பட்ட எதிலும் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று அவருக்கு நினைப்பு. அந்த நினைப்புதான் அன்று எங்களைக் கவிழ்க்கப் பார்த்தது.

என் தையல் கடைக்குப் பின்னால் மூன்று கோழிகள் வளர்க்கிறேன். பழைய இனம். கறுப்பு உடம்பு, செம்பு நிறக் கழுத்து. இடும் முட்டையோ அடர்ந்த சாக்லேட் நிறம். முதல்முறை பார்க்கிறவர்கள் பெயின்ட் அடித்ததா என்று நகத்தால் சுரண்டுவார்கள். இந்த இனத்தை வருஷக்கணக்கில் கட்டிக் காத்தவள் என் அக்கா. மூன்று கோழியும் ஒரு சேவலுமாக எனக்குக் கொடுத்தாள். பிறகு வந்த நோயில் அவளுடையவை எல்லாமே போய்விட்டன. அந்த வம்சத்தில் மிச்சம் எங்களிடம் இருந்தவை மட்டும்தான்.

எங்கள் சேவலும் திடீரென்று செத்துப்போனது. சேவல் இல்லாமல் இனி இடும் முட்டையில் குஞ்சு பொரியாது. நான் அழுதுகொண்டே அதன் கடைசி நாட்களில் கோழிகள் இட்ட ஏழு முட்டைகளை எடுத்து வைத்தேன். கோழிகள் மகாராணிகள், ஒன்றுகூட அடையில் உட்காரவில்லை. கணவர்தான் தெர்மாகோல் பெட்டியில் பல்பு மாட்டி அடை வைத்தார். சும்மா சொல்லக்கூடாது, அருமையாகச் செய்திருந்தார்.

குஞ்சு பொரிக்கும் நாள் நெருங்கியதும் முட்டைகளோடும் டார்ச்சோடும் இருட்டான குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். "ஏழும் உள்ள கும்மிருட்டும்மா! குஞ்சு நெறஞ்சிருக்கு, வெளிச்சம் நுழையவே இடமில்ல!" என்று உள்ளிருந்தே கத்தினார். வெள்ளை முட்டைகளில் அப்படித்தான். வெறும் முட்டை ஒளிரும், குஞ்சிருந்தால் இருண்டிருக்கும். நானும் நம்பினேன். மனுஷன் தலைகால் புரியாமல் தெருவில் இறங்கி, டீக்கடைக்காரரிலிருந்து முடிவெட்டுகிறவர்வரை பதினொரு குஞ்சுகளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். முட்டை ஏழு!

சாயங்காலம் ஆம்லெட்டுக்கு ஒரு முட்டையை எடுத்தேன். என்னவோ தோன்ற, அவர் வைத்துவிட்டுப் போன டார்ச்சை அதன் மேல் அடித்தேன். அதுவும் கும்மிருட்டு. அவரைக் கூப்பிட்டேன்.

"என்னங்க, இதுல குஞ்சு இருக்கா பாருங்க."

"ஓ, இருக்கே!"

"இன்னிக்குக் காலைல போட்டதுங்க இது."

அவர் டார்ச்சை வாங்கித் திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்தார். கறுத்த ஓடு வெளிச்சத்தை உள்ளே விடவே இல்லை. ஏழில் ஒன்றிலாவது உயிர் இருக்கிறதா என்று எங்களுக்குத் தெரியாது. அக்காவுக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

"அறிவுக்கொழுந்துங்களா! வெதுவெதுப்பான தண்ணில மிதக்க விடுங்க. உயிர் இருந்தா தானா ஆடும். விரிசல் விட்டதை மட்டும் போட்டுடாதீங்க, தண்ணி உள்ள போயிடும்," என்றாள் அக்கா. அதட்டல் பலமாக இருந்தாலும் குரல் நடுங்கியது.

விரிசல் பார்த்து, அகலப் பாத்திரத்தில் ஒவ்வொன்றாக விட்டோம். முதல் முட்டை மிதந்து அசையாமல் நின்றது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதைப் பார்க்க முடியாமல் கண்ணை மூடிக்கொண்டேன்.

"அதுவும் ஆடலம்மா," என்றார்.

நான்காவதை விட்டோம். லேசாக வெட்டி இழுத்தது.

"பாத்திரத்த இடிச்சீங்களா?"

"சத்தியமா இல்ல!" பிடிபட்ட திருடனாட்டம் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினார். முட்டை மறுபடி துள்ளியது. அதைச் சுற்றிச் சின்ன அலை கிளம்பியது. அடுத்ததும் ஆடியது, அதற்கடுத்ததும், கடைசி முட்டையும்! நான் அழுதேனா சிரித்தேனா, தெரியாது. அவர் ஈரக் கையோடு என்னைக் கட்டிக்கொண்டார். அவ்வளவு சந்தோஷம் எனக்கு என் கல்யாணத்தன்றுகூட இல்லை.

"என்னடி ஆச்சு? யாராவது வாயத் தொறங்களேன்!" அக்கா போனில் கத்திக்கொண்டிருந்தாள்.

நான்காவது முட்டையைத் துடைத்துக் காதில் வைத்தேன். பிறகு அதைப் போனருகே கொண்டுபோனேன். உள்ளேயிருந்து மெலிதாக ஒரு கீச்சொலி வந்தது.

அக்காவின் அதட்டல் நின்றுவிட்டது. மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"இன்னொரு வாட்டி கேக்க வைடி," என்றாள்.