நாத்தனார் நன்றி சொன்ன நாள்

என் நாத்தனார் இரண்டு நாள் தங்கிவிட்டுப் போக வந்தவள். அவள் வீட்டில் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள், அந்த வாசனை ஒத்துக்கொள்ளாது என்று ஒரே ஒரு பையோடு தன் காரில் வந்து இறங்கினாள். மறுநாள் தொற்று என்று சொல்லி ஊரையே பூட்டிவிட்டார்கள். பெயின்டரின் ஏணி அவள் வீட்டுக் கூடத்தில் மாட்டிக்கொண்டது, அவள் என் வீட்டுக் கூடத்தில் மாட்டிக்கொண்டாள்.

என் கணவர் குடிநீர் நிலையத்தில் பம்ப் ஆபரேட்டர். நோய் உள்ளே வந்துவிட்டால் ஊருக்கே தண்ணீர் நின்றுபோகும் என்று அங்கே வேலை செய்கிறவர்களை அங்கேயே கட்டில் போட்டுத் தங்கவைத்துவிட்டார்கள். ஆக, வீட்டில் அவளும் நானும் மட்டும். நடுவில் புகுந்து விலக்கிவிட ஆளில்லை.

அவள் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவள். கல்யாணம் வேண்டாம் என்று தனியாகவே இருந்துவிட்டாள், ஆனால் பாதி ஊர் அவளிடம் திட்டு வாங்கித்தான் வண்டி ஓட்டப் பழகியது. அவளிடம் படித்தவர்கள் வைத்த பெயர் பிரேக்கம்மா. சோபாவில் உட்கார்ந்து டிவி பார்க்கும்போதுகூட, படத்தில் கார் வேகமாக வந்தால் வலது காலால் தரையை அழுத்துவாள்.

எனக்கும் அவளுக்கும் ஏன் ஆகாது என்றால், ஒரு காலத்தில் நானும் அவளிடம் பழகப் போனேன். நாலு பேர் முன்னால், "அண்ணி, நீங்க பஸ்ல போறதுதான் எல்லாருக்கும் பாதுகாப்பு" என்று சொல்லிவிட்டாள். எனக்கு ரோஷம் வந்தது. எதிர்த் தெருவில் அவளுக்குப் போட்டியாக ஸ்கூல் நடத்துகிறவரிடம் போய்ப் பணம் கட்டி லைசென்ஸ் வாங்கி, அதை அவள் வீட்டுக்கே கொண்டுபோய்க் காட்டினேன். வாங்கிய பிறகு ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை என்பது வேறு விஷயம். இந்தத் துரோகத்தை அவள் மன்னிக்கவில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை.

என் வேலையும் வாய் வேலைதான். ஒரு வாஷிங் மெஷின் கம்பெனியில் புகார் கேட்கும் போன் பிரிவு. ஆபீஸை மூடியதும் சாப்பாட்டு மேஜையில் ஹெட்செட்டோடு உட்கார்ந்தேன். யாராவது தண்ணீர் வடியவில்லை என்று கத்த, நான் குரலில் தேன் தடவி சமாதானம் சொல்லிக்கொண்டிருப்பேன். அந்த நேரம் பார்த்து எங்கள் மெஷின் குளியலறையில் துள்ளித் துள்ளிக் கதவுவரை நடந்து வரும். அதை முதுகால் முட்டுக்கொடுத்து நிறுத்தியபடி, இந்தக் குரலில் ஒரு நாளாவது தன்னிடம் பேசியதுண்டா என்று நாத்தனார் சைகையிலேயே கேட்பாள். சிரிப்பு வெளியே கேட்காமல் ஹெட்செட் மைக்கை மூடிக்கொள்வேன்.

கணவர் தினமும் சாயங்காலம் போன் செய்வார். ஆரம்பத்தில் நாங்கள் மாற்றி மாற்றிப் புகார் சொன்னோம். ஜன்னலைத் திறப்பதா மூடுவதா, தட்டுகளைக் கவிழ்த்து அடுக்குவதா நிமிர்த்தி அடுக்குவதா என்று. நாள் முழுக்க பம்ப் சத்தம், அதற்குப் பிறகு எங்கள் சத்தம். மனிதர் நொந்துபோய் ஒரு சட்டம் போட்டார். ஆளுக்கொரு நன்றி முதலில் சொல்ல வேண்டும், அதுவும் மற்றவளுக்கு. அதற்குப் பிறகுதான் புகாரைக் காது கொடுத்துக் கேட்பாராம்.

நன்றிதானே, சொல்லிவிட்டுப் போகிறோம் என்று நானே ஆரம்பித்துவைத்தேன்.

"உங்க தங்கச்சி இன்னிக்கு குளிக்கும்போது பாடல. அதுக்கு நன்றி."

அவள் சளைத்தவளா? "அண்ணி வச்ச சூப்புல உப்பே இல்ல. என் பிரஷர் மேல அவ்வளவு அக்கறை. அதுக்கு நன்றி."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். சில நாளில் அவரோடு வேலை செய்கிறவர்களும் அந்த நேரத்துக்குப் போனைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். நாங்கள் காலையிலிருந்தே யோசிக்க ஆரம்பித்தோம், இன்றைக்கு என்ன நன்றி சொல்லி மற்றவள் மானத்தை வாங்கலாம் என்று. டிவியைப் போட்டால் சாவு எண்ணிக்கைதான். தெரிந்தவர் வீட்டுத் துக்கச் செய்திகள் போனில் வந்துகொண்டே இருக்கும். ஆனால் சாயங்காலம் அந்தச் சிரிப்பு இருந்தது. தனியாக இருந்திருந்தால் எனக்குப் பைத்தியமே பிடித்திருக்கும். அவள் கூட இருந்தது எனக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்று எனக்குத் தெரியும், சொல்லத்தான் வாய் வரவில்லை.

கடைக்குப் போவது அவள்தான். தன்னைப் பார்த்தால் வைரஸே ஒதுங்கிப் போகும் என்பாள். அது ஒதுங்கவில்லை. ஒரு நாள் ரொட்டியும் சோப்பும் வாங்கி வந்தவளுக்கு இரண்டு நாள் கழித்துக் காய்ச்சல் கண்டது. பரிசோதனையில் அதுதான் என்று உறுதியானது.

ஆஸ்பத்திரியில் இடமில்லை, மூச்சு நன்றாக இருக்கிறவரை வீட்டிலேயே தனி அறையில் இருக்கட்டும் என்று டாக்டர் போனில் சொன்னார். விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்க்கும் கருவி எந்தக் கடையிலும் இல்லை. அப்படியானால் அடிக்கடி பேச்சுக் கொடுங்கள் என்றார். ஒரு முழு வாக்கியத்தை நடுவில் மூச்சு வாங்காமல் சொல்லி முடிக்கிறாளா என்று கவனிக்க வேண்டும், முடியவில்லை என்றால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கக் கூடாது.

பேசவைப்பது பெரிய காரியமே இல்லை டாக்டர், நிறுத்துவதற்குத்தான் இத்தனை வருஷமாக வழி தேடுகிறேன் என்றேன். அவரும் அந்தக் களைப்பில் சிரித்துவிட்டார்.

அவளை உள்ளறையில் விட்டு, கதவுக்கு வெளியே ஸ்டூல் போட்டு மருந்தும் சாப்பாடும் வைத்தேன். வேலைக்கு நடுவில் போய்ப் போய்ச் சண்டைக்கு இழுத்தேன். தட்டுகளைக் கவிழ்த்துத்தான் அடுக்கியிருக்கிறேன் என்று கதவுக்கு வெளியிலிருந்து அறிவிப்பேன். உள்ளேயிருந்து ஒரு வண்டி வசவு வரும், நிறுத்தாமல், தங்கு தடையில்லாமல். அப்பாடா என்று போய் ஹெட்செட்டை மாட்டிக்கொள்வேன். என்னைத் திட்டுவதைக் கேட்டு நான் நிம்மதியடைந்தது அந்த நாட்களில்தான்.

ஒரு நாள் எனக்குத் தலைக்கு மேல் வேலை. மத்தியானத்திலிருந்து கதவுப் பக்கம் போகவே முடியவில்லை. சாயங்காலம் கணவர் போன் செய்ததும் ஸ்பீக்கரில் போட்டுக் கதவருகே பிடித்தேன். அவள் முறை.

"அண்ணி நல்லா பாத்துக்கறாங்க. நன்றி, அண்ணி."

அவ்வளவுதான். குத்தல் எதுவும் இல்லை. அந்தப் பக்கம் பம்ப் நிலையமே அமைதியாகிவிட்டது. இதைக் கேட்கத்தானே இத்தனை வருஷம் காத்திருந்தேன், நோய் வந்தாலும் வந்தது, என் வீடு ஒன்றாகிவிட்டது என்றார் கணவர். எனக்கும் கண் கலங்கிவிட்டது. ஜெயித்துவிட்டேன் என்றுகூட ஒரு பெருமை. மூக்கை உறிஞ்சிக்கொண்டே போய்ப் பாத்திரம் துலக்க நின்றேன்.

பாதித் தட்டில் கை நின்றுவிட்டது.

எங்கள் ஆபீஸில் புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது ஒன்று உண்டு. கத்துகிற வாடிக்கையாளரைப் பார்த்துப் பயப்படாதே, அவர் இன்னும் நம்மிடம்தான் இருக்கிறார். சரிங்க, பரவாயில்லை, நன்றி என்று அமைதியாகப் போனை வைக்கிறாரே, அவரைத்தான் பார்க்க வேண்டும். அவர் போய்விட்டார் என்று அர்த்தம்.

முகக்கவசத்தை இரண்டாக மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தேன். அவள் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகத்தில் கஷ்டம் எதுவும் தெரியவில்லை, தூக்கக் கலக்கம் மாதிரிதான் இருந்தது. இருப்பதிலேயே பெரிய குண்டை எடுத்துப் போட்டேன். எதிர்த் தெரு ஸ்கூல்காரர் உன்னைவிட நன்றாகச் சொல்லிக்கொடுத்தார் என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். உதடு அசைந்தது.

"ஆமா... அண்ணி."

அதற்குப் பிறகு நான் யோசிக்கவில்லை. ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டேன். காத்திருக்கச் சொல்லி இசை போட்டார்கள். நான் எத்தனை பேரை அப்படி இசை கேட்கவைத்திருப்பேன்! லைனில் ஆள் வந்ததும் நான் கத்தவில்லை. கத்தினால் எதிரில் இருப்பவர் காது அடைத்துக்கொள்ளும் என்பது எனக்குத் தெரியும். வயது, எத்தனையாவது நாள் காய்ச்சல், ஒரு வாக்கியம் சொல்ல முடியவில்லை என்று வரிசையாகச் சொன்னேன். அந்தப் பெண் நல்லவள். எந்த ஆஸ்பத்திரியில் இப்போது ஒரு கட்டில் காலி என்று தேடிப் பார்த்துச் சொல்லி, அவர்களிடம் தகவலும் சொல்லிவைத்தாள். ஆனால் வண்டி எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்றாள். அவள் குரலில் இருந்த வருத்தம் நிஜம்.

வாசலில் நாத்தனாரின் கார் நின்றது. கூரைமேல் டிரைவிங் ஸ்கூல் பலகை, பயிற்சி கொடுப்பவர் பக்கத்திலும் ஒரு பிரேக்.

அவளைத் தாங்கிக்கொண்டு போய்ப் பின்சீட்டைத் திறந்தேன். அவள் தலையை ஆட்டினாள். நடக்கத் தெம்பில்லாதவள், என் கையை உதறிவிட்டுத் தன்னுடைய முன்சீட்டில்தான் போய் உட்கார்ந்தாள். நாலு கண்ணாடியையும் இறக்கிவிட்டேன். வாசலைத் தாண்டுவதற்குள் வண்டி இரண்டு தடவை நின்றுபோனது. மூன்றாவது தடவை பிடித்துக்கொண்டது.

தெருவில் ஈ காக்கை இல்லை. அது என் அதிர்ஷ்டம், ஊரின் அதிர்ஷ்டமும்கூட. தடுப்புப் போட்டிருந்த இடத்தில் போலீஸ்காரர் பலகையைப் பார்த்துவிட்டு, ஊரடங்கில் கார் பழக வந்திருக்கிறீர்களா என்று எரிந்து விழுந்தார். பிறகு பக்கத்து சீட்டைப் பார்த்தார். ஓடிப்போய்த் தடுப்பை இழுத்து வழிவிட்டார்.

பெரிய திருப்பத்தில் நான் வேகத்தைக் குறைக்காமல் வளைத்துவிட்டேன். சட்டென்று வண்டி தானாக நிதானப்பட்டது. பார்த்தால் நாத்தனாரின் வலது கால் பிரேக்கில் இருந்தது. கண் பாதி மூடியிருந்தது, கால் மட்டும் தன் வேலையைப் பார்த்தது. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. அப்படியே அழுத்திக்கொண்டே இரு, தப்புத் தப்பாக ஓட்டுகிறேன் பார் என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே போனேன். வாசலிலேயே ஆக்சிஜனோடு வந்து அவளை வாங்கிக்கொண்டார்கள். என்னை உள்ளே விடவில்லை.

அடுத்து நான் வீட்டில் தனிமையில். எனக்குப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை. வார்டு நர்ஸ் மத்தியான வேளையில் தன் போனில் கூப்பிட்டு நாத்தனாரின் காதருகே வைப்பாள். அவருக்கு முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க், பேச முடியாது, நீங்கள் பேசுங்கள் கேட்பார் என்றாள் நர்ஸ். முதல் நாள் மனசில் இருந்ததையெல்லாம் கொட்டினேன். நீ இல்லாமல் வீடு வீடாக இல்லை, நீ செய்ததுக்கெல்லாம் நன்றி என்று அழுதேன். அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார், பயந்துவிட்டார் போலிருக்கிறது என்றாள் நர்ஸ்.

அதுதானே! நானே இப்படிப் பேசினால், தன் கதை முடிந்துவிட்டது என்று அவள் நினைக்கமாட்டாளா? தலையில் அடித்துக்கொண்டேன்.

மறுநாளிலிருந்து சண்டைதான். அவளால் பதில் சொல்ல முடியாது, அதனால் அவள் பங்கையும் நானே பேசினேன். ஜன்னலை மூடிவிட்டேன் என்று என் குரலில் சொல்வேன். "காத்து வேணாமா அண்ணி, இது வீடா டப்பாவா?" என்று அவள் குரலில் கத்துவேன். பிறகு என் குரலில் நல்ல பதிலடி கொடுத்து அவளை வாயடைக்கவைப்பேன். பக்கத்துக் கட்டில்காரர்களும் கேட்கிறார்கள் என்றாள் நர்ஸ். கணவர் அங்கிருந்து தினமும் எனக்குப் புதுச் சண்டைகளை யோசித்துச் சொன்னார். அவர் கூட்டாளிகள்கூட ஆளுக்கொன்று எடுத்துக்கொடுத்தார்கள்.

நடுவில் சில நாள் மிகவும் மோசம். நேற்றைவிட இன்று ஆக்சிஜன் கூடுதலாக வைத்திருக்கிறோம், காதில் விழுகிறதா என்று எனக்கே தெரியவில்லை என்று நர்ஸ் தயங்கித் தயங்கிச் சொன்னாள். போனை வைத்துவிடாதே அம்மா, வை அவள் காதில் என்றேன். குரலை நடுங்க விடவில்லை. தட்டுகளைப் பற்றி அன்றைக்குப் பேசியதுபோல் என்றைக்கும் பேசியதில்லை. பேசி முடித்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். உள்ளதைச் சொன்னால், அவள் இல்லாமல் எனக்கு யார் இருக்கிறார்கள் என்றுதான் தோன்றியது.

மறுநாளும் பேசினேன், அதற்கடுத்த நாளும். பிறகு ஒரு மத்தியானம் நர்ஸின் போன் வந்தது. நான் தயாராக இருந்தேன். மெஷினை அவள் எப்போதும் தப்பாகத்தான் போடுவாள் என்று ஆரம்பித்து, அவள் குரலில் ஒரு வரி சொல்லி, என் பதிலுக்கு மூச்சை இழுத்தேன். அந்தப் பக்கம் ஏதோ சரசரத்தது.

"அண்ணி."

தேய்ந்துபோன குரல். ஆனால் அவள் குரல்தான்.

"என் பங்க நீங்க பேசாதீங்க." ஒரு மூச்சு வாங்கினாள். "நான் அவ்வளவு மட்டமாவா பேசுவேன்? தினமும் நீங்களே கேட்டு, நீங்களே சொல்லி, கடைசியில நீங்களே ஜெயிச்சா அதுக்குப் பேரு சண்டையா?"

அந்தக் கடைசி வாக்கியத்தில் நடுவில் அவள் எங்கேயும் நிற்கவில்லை. முழுசாகச் சொன்னாள், முதலிலிருந்து முடிவுவரை.

இதற்கு என்னிடம் நல்ல பதில் இருந்தது. சொல்ல வாயைத் திறந்தேன். "நீ..." என்றேன். திரும்ப "நீ..." என்றேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை, அழுகை முட்டிக்கொண்டு நின்றது.



"என்ன அண்ணி, ஒரு வாக்கியம் முழுசா வரலையே? டாக்டரக் கூப்பிடட்டுமா?"