சிப்பாய் பெஜாரு கிடு

சுதந்திர தினக் கொடியேற்றம் முடிந்து லட்டுத் தட்டு வரிசையில் வந்துகொண்டிருந்தபோதுதான் வீரபாகுவின் சட்டையிலிருந்து இரண்டு மெடல்கள் கழற்றப்பட்டன.

கழற்றியவர் ஆரணி முன்னாள் படைவீரர் சங்கத்தின் தலைவர் சக்கரவர்த்தி. பட்டாளத்தில் கிளார்க்காகச் சேர்ந்து, கிளார்க்காகவே வளர்ந்து, சுபேதாராக ஓய்வு பெற்றவர். அவர் நெஞ்சில் எப்போதும் ஆறு மெடல்கள் தொங்கும். இருமினால்கூடக் கிலுகிலுவென்று சத்தம் வரும்.

"தப்பா நெனைக்காதே வீரபாகு. டிஸ்சார்ஜ் புக்குல இருந்தாத்தான் நெஞ்சுல இருக்கணும். உன் புக்குல ரெண்டுதான் கீது. நீ நாலு மாட்டிகினு நிக்கிற" என்று சொல்லி, ஊக்கு குத்தாமல் பக்குவமாகக் கழற்றி, கைக்குட்டையில் மடித்து அவன் கையில் கொடுத்தார். மேலே ஒரு லட்டையும் வைத்தார்.

வீரபாகு பட்டுச்சேலைக் கடை ஒன்றின் வாசலில் காவலாளியாக நிற்பவன். வாட்டசாட்டமான ஆள். முறுக்கிய மீசை. கல்யாணப் பட்டெடுக்க வரும் கூட்டத்தை ஒரு பார்வையில் ஒழுங்குபடுத்திவிடுவான். ஆனால் அன்றைக்கு அந்த லட்டைக் கையில் வைத்துக்கொண்டு, சாப்பிடவும் முடியாமல் கீழே போடவும் முடியாமல், தேசிய கீதம் முடிந்த பிறகும் விறைப்பாகவே நின்றுகொண்டிருந்தான்.

கழற்றப்பட்டவை பனிமலையில் காவல் நின்றதற்கான மெடல்கள். ஒன்று சியாச்சின் மெடல், இன்னொன்று உயரமான மலைப் பகுதியில் பணியாற்றியதற்கானது. வாலிபத்தில் நான்கு மாதம் அவன் அங்கே உறைந்துகிடந்தது உண்மை. மெடல்களும் உண்மையானவைதான். ஆனால் டெல்லியில் ஒரு கடையில் வாங்கியவை. பட்டாளத்திலிருந்து ஏனோ அவனுக்கு வந்துசேரவே இல்லை. கேட்டால் 'வரும், வரும்' என்றார்கள். அதற்குள் இவன் ஓய்வு பெற்றுவிட்டான்.

சக்கரவர்த்தி செய்ததைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பான். வீட்டில் கெங்கம்மாள் கேட்டதைத்தான் தாங்க முடியவில்லை.

"அப்ப நீ பனிமலைல இருந்தேன்னு சொன்னதெல்லாம் டூப்பாய்யா?"

"இன்னாம்மே சொல்ற நீ?"

"நான் சொல்லல. உன் புக்கு சொல்லுது. நாலு மாசம் குளிர்ல இருந்தவன்னு உனுக்குப் பாவப்பட்டு, தெனம் வெந்நீர் வெச்சுக் குடுத்தேனே, அத்த நெனச்சாத்தான் எனுக்கு வவுறு எரியுது."

மறுநாள் காலையில் வெந்நீர் இல்லை. வீரபாகு பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு, நடுங்கிக்கொண்டே மகள் இளமதியிடம் போனான். இளமதி செய்யார் கம்பெனி ஒன்றில் வேலை பார்ப்பவள். கம்பெனி பஸ் வருவதற்குள் செல்போனிலேயே அப்பாவின் பெயர், நம்பர், எந்த வருஷம் எங்கே இருந்தார் என்பதையெல்லாம் கேட்டு, விடுபட்ட மெடல்களைப் பணிப் பதிவில் சேர்க்கச் சொல்லி ரெக்கார்டு ஆபீசுக்கு மனு எழுதி அனுப்பிவிட்டாள்.

பதில் வர இரண்டு மாதம் ஆனது. ஆங்கிலக் கடிதம். இளமதி படித்துப் படித்துத் தமிழில் சொன்னாள்.

"அந்த வருஷம் அந்தப் பனிமலை கேம்ப்புல வீரபாகுன்னு யாரும் இல்லியாம்பா. உங்க யூனிட்லருந்து ரெண்டே பேருதான் போயிருக்காங்களாம். ஒருத்தர் அன்பரசு. இன்னொருத்தர்..." அவள் எழுத்துக்கூட்டினாள். "பெ... ஜா... ரு... கிடு. சிப்பாய் பெஜாரு கிடு."

"யாரு?"

"பெஜாரு கிடு. அவரு நம்பரு எந்த ஆளோடயும் ஒத்துப்போவலியாம். மெடலு அவரு பேர்ல அப்பவே ரெடியாயிடுச்சாம். ஆளத்தான் காணலியாம். உங்களுக்கு அவரத் தெரிஞ்சா தகவல் குடுங்கன்னு கேட்டிருக்காங்க."

"வடக்கத்திப் பேரு மாதிரி கீது" என்றாள் கெங்கம்மாள். முகத்தில் உண்மையான வருத்தம். "பாவம், எந்தத் தாய் பெத்த புள்ளயோ. பனிக்குள்ள பூட்டானோ இன்னாவோ."

வீரபாகுவுக்குத் தலை சுற்றியது. அந்தக் கேம்ப்பில் அவனும் அன்பரசுவும் ஒரே கூடாரத்தில் படுத்தார்கள். பெஜாரு கிடு என்று ஒருவன் இருந்திருந்தால் எங்கே படுத்திருப்பான்? மூன்று நாள் அதையே யோசித்தான். கடை வாசலில் நிற்கும்போதும் வாய் "பெஜாரு கிடு, பெஜாரு கிடு" என்று முணுமுணுத்தது. கல்யாணக் கூட்டம் ஒன்று அதை மந்திரம் என்று நினைத்து, செருப்பைக் கழற்றிவிட்டுக் கடைக்குள் போனது.

ஞாயிற்றுக்கிழமை கெங்கம்மாள் மிக்சியில் சட்னி அரைத்துக்கொண்டிருந்தாள். கரண்ட் போய்விட்டது. வந்தது. மறுபடியும் போய்விட்டது. ஜாரை மேடையில் நங்கென்று வைத்தாள்.

"பேஜாரு கீதுடி இந்தக் கரண்ட்டோட!"

கட்டிலில் படுத்திருந்த வீரபாகு துள்ளி எழுந்தான்.

"இன்னா சொன்ன?"

"கரண்ட்டு பேஜாரு புடிச்சதா கீதுன்னேன்."

"இல்ல, முன்ன சொன்னியே, அதே மாரி சொல்லு."

"பேஜாரு கீது."

வீரபாகு இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டான். எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. ஹெலிகாப்டர் பனியில் இறக்கிவிட்டுப் போகிறது. காற்று இல்லாத உயரம். நாலு எட்டு வைத்தால் நெஞ்சு அடைக்கிறது. கூடாரத்துக்குள் ஒரு பெங்காலி கிளார்க், காதை மூன்று கம்பளிக் குல்லாய்க்குள் புதைத்துக்கொண்டு, "நாம்?" என்று இந்தியில் பெயர் கேட்கிறான். வீரபாகுவுக்கு மூச்சு வாங்குகிறது. அவன் பின்னால் நின்ற அன்பரசுவைத் திரும்பிப் பார்த்து, ஈனக்குரலில் அதையேதான் சொன்னான். கிளார்க் அதை எழுதிக்கொண்டு, அவன் நம்பரையும் குளிரில் விறைத்த விரலால் தப்பாக எழுதி, "அடுத்து" என்றான்.

"கெங்கு, அந்தப் பெஜாரு கிடு நான்தாம்மே!"

கெங்கம்மாள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "வெயில்ல நிக்காதன்னா கேக்கறதில்ல" என்றாள்.

ரெக்கார்டு ஆபீசுக்கு விஷயத்தை எழுதினார்கள். வீரபாகுவும் பெஜாரு கிடுவும் ஒரே ஆள்தான் என்று உள்ளூர் அதிகாரியிடம் சான்று வாங்கி அனுப்பச் சொன்னார்கள். மனு கிராம நிர்வாக அலுவலர் பவித்ராவிடம் வந்தது. பவித்ரா திருநெல்வேலிக்காரி. வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஆரணிப் பேச்சு இன்னும் காதில் உட்காரவில்லை. ஆனால் கடமை தவறாதவள். மனுவில் இளமதி சரியான உச்சரிப்போடு எழுதியிருந்த பெயரைச் சொல்லி, தெருவில் இறங்கி நேரடியாக விசாரித்தாள்.

முதல் வீட்டில் தனக்கோடி என்ற அம்மாள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இங்க பேஜாரு கீது இருக்காரா?"

"இல்லாத வூடு எதும்மா?" என்றாள் தனக்கோடி. "என் வூட்ல மருமவ வந்ததுலருந்து கீது."

பவித்ரா குறித்துக்கொண்டாள். அடுத்த வீட்டுக்காரர், "ஒரு வாரமா தண்ணி வரல. பேஜாருதான் கீது. நீங்க கவர்மெண்ட்டுதானே, இன்னான்னு கேளுங்க" என்றார். மூன்றாவது வீட்டில் ஒரு தாத்தா, "முட்டியில கீது" என்றார். நான்காவது வீட்டில் விசாரிக்கும் முன்பே ஒரு பெண், "வந்துட்டாங்கய்யா காலங்காத்தால பேஜாரு பண்ண" என்று கதவைச் சாத்தினாள்.

பவித்ரா நேரே வீரபாகு வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். கெங்கம்மாள் மோர் கொடுத்தாள்.

"அண்ணாச்சி, இந்தத் தெருவுல எல்லா வீட்டுலயும் அந்தப் பேர்ல ஒரு ஆள் இருக்காங்கிறாவ. நான் உங்களுக்கு மட்டும் எப்படிச் சான்று குடுக்க? தெருவுக்கே சேர்த்துல்லா குடுக்கணும்?"

இளமதிதான் சிரிப்பை அடக்கிக்கொண்டு பேஜார் என்றால் தொல்லை, சலிப்பு, கீது என்றால் இருக்கிறது என்று விளக்கினாள். பவித்ரா தன் குறிப்புகளை ஒருமுறை படித்துப் பார்த்தாள். மோர் மூக்கில் ஏறிவிட்டது. இருமி முடித்த பிறகு, சங்கத் தலைவர் உறுதிப்படுத்திக் கையெழுத்துப் போட்டால் தானும் போடுவதாகச் சொன்னாள்.

வீரபாகு கெங்கம்மாளோடு போய்க் கதையைச் சொன்னதும் சக்கரவர்த்தி முகம் சிவந்தார்.

"வீரபாகு, நீ பொய் சொல்றேன்னு நான் சொல்ல வரல. ஆனா ஒரு கிளார்க்கு, பட்டாளத்துக் கிளார்க்கு, பேரக் கேட்டா பேரத்தான் எழுதுவான். பேஜாரத்த எழுத மாட்டான். இது எங்க டிப்பார்ட்மெண்ட்டுக்கே அவமானம். நான் ஒத்துக்க முடியாது."

"அப்ப டெஸ்ட் பண்ணிப் பாருங்க தலைவரே" என்றாள் கெங்கம்மாள் சட்டென்று. புருஷனை நம்பத் தொடங்கிவிட்டாளா, அல்லது வேடிக்கை பார்க்கும் ஆசையா என்று வீரபாகுவுக்குப் புரியவில்லை.

அடுத்த ஞாயிறு கலசப்பாக்கத்திலிருந்து அன்பரசு பஸ் பிடித்து வந்தான். அங்கே கறவை மாடு வைத்திருக்கிறான். ஒல்லியான ஆள், விவரங்களில் கறார். ஒரு ஜரிகைக் கடையின் மாடியில் இருந்த சங்கத்துக்குள் நுழைந்ததுமே, "தலைவரு காதுல குல்லா வேணும்" என்றான்.

"எதுக்குப்பா? வெயில் கொளுத்துது."

"அந்தக் கிளார்க்கு மூணு குல்லா போட்டிருந்தான். டெஸ்ட்டுனா ஒழுங்கா இருக்கணும்."

எங்கெங்கோ தேடி மூன்று குரங்குக் குல்லாய்கள் கொண்டுவந்தார்கள். சக்கரவர்த்தி ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு, பேனாவும் பேப்பருமாக மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்தார். கண்ணும் மூக்கும் மட்டும் தெரிந்தன. பவித்ரா பக்கத்தில் உட்கார்ந்தாள். கெங்கம்மாள் ஜன்னலோரம் இடம் பிடித்தாள். வீரபாகு கீழே தெருவிலிருந்து இரும்புப் படியில் ஓடி வர வேண்டும். மூச்சு வாங்க வேண்டும் அல்லவா?

முதல் தடவை தடதடவென்று ஏறி வந்து வாசலில் நின்றான்.

"நாம்?" என்று உறுமினார் சக்கரவர்த்தி.

"நாயக் வீரபாகு சார்!"

"பார்த்தீங்களா மேடம்? பேரத்தான் சொல்றான்!"

"மூச்சு பத்தல. எறங்குபா" என்றான் அன்பரசு.

இரண்டாவது தடவையும் அதேதான். மூன்றாவது தடவை, தோளில் ஒரு அரிசி மூட்டையை ஏற்றிவிட்டார்கள். மலையில் மூட்டை இருந்தது என்று அன்பரசு அடித்துச் சொன்னான். வாசலில் நின்று "நாய்... நாயக் வீர..." என்றான் வீரபாகு. மூட்டையோடு மறுபடியும் இறக்கினார்கள். கீழே கூட்டம் சேர்ந்துவிட்டது. யாரோ ஒரு கட்சிக்காரர் தேர்தலில் ஜெயிக்க நேர்ந்துகொண்டு மூட்டையோடு படி ஏறுகிறார் என்று ஒருவர் இன்னொருவருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். குல்லாய்க்குள் சக்கரவர்த்தியின் வியர்வை மூக்கு நுனியில் வந்து சொட்டியது.

எத்தனையாவது தடவையோ தெரியவில்லை, வீரபாகு மேலே வந்தபோது அவன் முறுக்கு மீசை தொங்கிப்போயிருந்தது. மூட்டை தானாகச் சரிந்து விழுந்தது. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டான்.

"நாம்?"

வீரபாகுவுக்கு எதிரே இருந்தவர் தெரியவில்லை. மெடலும் நினைவில் இல்லை. மெதுவாகத் தலையைத் திருப்பி, பின்னால் நின்ற அன்பரசுவைப் பார்த்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சொன்னான்:

"பேஜாரா... கீதுபா..."

சக்கரவர்த்தியின் கை, பட்டாளத்துப் பழக்கத்தில், அவரைக் கேட்காமலே ஓடியது. ஆங்கிலக் கொட்டை எழுத்தில் எழுதி முடித்துவிட்டு, தலை நிமிராமல் "அடுத்து!" என்று கத்தினார். அன்பரசு சட்டென்று முன்னால் வந்து, குதிகால் ஒட்ட நின்று, "சிப்பாய் அன்பரசு சார்!" என்று சல்யூட் வைத்தான்.

பவித்ரா எழுந்து போய்ப் பேப்பரை எட்டிப் பார்த்தாள்.

"பெஜாரா கிடுபா" என்று வாசித்தாள்.

சக்கரவர்த்தி தான் எழுதியதைத் தானே வெகுநேரம் பார்த்தார். பிறகு குல்லாய்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். தலைமுடி ஈரமாக நெற்றியில் ஒட்டியிருந்தது.

"அந்த பெங்காலி கெட்டிக்காரன்" என்றார் கடைசியில். "அவன் எழுதினது என்னுதவிடச் சுத்தமா கீது." பேனாவை மறுபடி எடுத்துக் கையெழுத்துப் போட்டார். பவித்ராவும் போட்டாள்.

கெங்கம்மாள் தண்ணீர் பாட்டிலோடு ஓடி வந்து, தரையில் கால் நீட்டிக் கிடந்த புருஷனின் தலையைத் தூக்கி மடியில் வைத்தாள். "நான் நம்பறேன்யா. மொதல்லயே நம்பிட்டேன். இப்ப மூச்சு வுடு" என்றாள். அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. சிரித்ததாலா அழுததாலா என்று அவளுக்கே தெரியவில்லை. மறுநாள் காலையில் அடுப்பில் வெந்நீர் கொதித்தது.

பொங்கலுக்கு முன்பு பதிவு திருத்தப்பட்டது. 'நாயக் வீரபாகு என்கிற பெஜாரு கிடு' என்று புது உத்தரவு வந்தது. கூடவே சின்னப் பெட்டியில் இரண்டு மெடல்கள். ஓரத்தில் ரொம்பச் சின்ன எழுத்தில் பெஜாரு கிடுவின் பெயர் பொறித்திருந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால்தான் தெரியும். சங்கத்தில் எல்லோரும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்கள். குடியரசு தினத்தன்று சக்கரவர்த்தியே தன் கையால் மாட்டிவிட்டு, ஒரு அடி பின்னால் போய்ச் சல்யூட் அடித்தார். வீரபாகு பதிலுக்கு அடித்தான். நெஞ்சில் நாலும் மினுங்கின.

அதன் பிறகு பனிமலைப் பேச்சைக் கெங்கம்மாள் எடுத்துக்கொண்டாள். தண்ணீர் லாரி வரும் நேரத்தில் தெருவே கூடியிருக்கும். அவள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தொடங்குவாள்.

"அங்க முட்டை கல்லு மாரி ஆயிடும். சுத்தி வெச்சுத்தான் ஒடைக்கணும். பல்லு வெளக்கினா நொரை அப்படியே ஒறைஞ்சு நிக்கும். ஒரு நாளு வெள்ளக் கரடி ஒண்ணு கூடாரத்துக்குள்ளயே வந்துகினு..."

"கரடி வரலம்மே" என்றான் வீரபாகு வாசலிலிருந்து, எச்சரிக்கையாக.

கெங்கம்மாள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நீ தூங்கிகினு இருந்திருப்ப, உனுக்கு இன்னா தெரியும்?" என்று சொல்லிவிட்டு, கரடி எவ்வளவு உயரம் இருந்தது என்று தனக்கோடிக்குக் கையைத் தூக்கிக் காட்டினாள்.