நிலா தேயும்வரை இரவல்

மெக்கானிக் லஸ்ஹருக்கு வலது தோள் மரத்துப்போயிருந்தது. விடிந்ததிலிருந்து எஞ்சின்மேல் குப்புறக் கிடந்து, தலையைக் கீழே தொங்கவிட்டு, ஸ்பேனரை நெம்பிக்கொண்டிருந்தார். விலா எலும்பு ஒவ்வொன்றும் எரிந்தது. காலையில் தின்ற ரொட்டியும் ஹரிஸ்ஸா மிளகாய் விழுதும் தொண்டைவரை வந்து வந்து போயின.

படகு ஜலீலாவுடையது. அவள் பிறப்பதற்கு முன்பே கட்டிய பாய்மரப் படகு. நேற்றுக் கெலிபியா துறைக்குத் திரும்பும்போது எஞ்சின் ஒரு குதி குதித்து ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. மூடியைத் திறந்து பார்த்தால், எஞ்சினைத் தாங்கும் நான்கு மவுண்டிங்கும் வெள்ளை வெளேரென்று பளபளத்தன. லஸ்ஹர் ஸ்குரூடிரைவரால் ஒரு தட்டுத் தட்டினார். பெயிண்ட் அப்படியே ஓடாக உரிந்து விழுந்தது. உள்ளே இரும்பு இல்லை, துரு மட்டும் இருந்தது. தண்ணீர்ப் பம்பு வருடக்கணக்காக உப்புத்தண்ணீரைச் சொட்டியிருக்கிறது.

"எத்தனை கோட்டு அடிச்சே?"

"பெருநாளைக்குப் பெருநாள் அடிச்சேன். ஊரே அடிக்குது, நானும் அடிச்சேன். பார்க்க நல்லாத்தானே இருந்துச்சு?"

"கல்யாணப் பொண்ணாட்டம் இருந்துச்சு. வாயில பல்லுதான் ஒண்ணுகூட இல்ல."

ஜலீலா சிரிக்கவில்லை. திங்கட்கிழமை ஜெம்பிரா தீவுக்குப் பறவைகளை எண்ணுகிறவர்கள் வருகிறார்கள். கோடை முழுக்க அவர்களுக்கு இந்தப் படகுதான் என்று பேச்சு. எஞ்சின் ஓடாத படகில் ஆள் ஏற்றிப் போகக் கடலோரக் காவல்படை விடாது. திங்கட்கிழமை இவள் போகாவிட்டால் வேறொருவன் போவான். அத்தோடு கோடை போயிற்று.

மூன்று நட்டு எப்படியோ கழன்றுவிட்டது. நான்காவது பின்பக்கம், புகைக்குழாய்க்கு அடியில். லஸ்ஹரின் கை முழங்கைவரைதான் போயிற்று.

"கட்டிங் மெஷின் வச்சு அறுத்துறவா?"

"கீழ டீசல் நிக்குது. அறுத்தா நம்ம ரெண்டு பேரையும் ஜெம்பிராவுலதான் வந்து பொறுக்கணும். நீ வெளிய வா அண்ணே. உன் வயிறு அஞ்சாவது மவுண்டிங்கா நிக்குது."

அவர் வெளியே வந்ததும் அவள் உள்ளே நுழைந்தாள். கால் வெளியே, தலை உள்ளே, ஒரு தோள் குழாய்க்கும் பலகைக்கும் நடுவே. எண்ணெய் விட்டாள், தட்டினாள், காத்திருந்தாள். மறுபடி எண்ணெய். நட்டை எடுத்ததும் கழற்றும் பக்கம் திருப்பவில்லை. முதலில் இறுக்கும் பக்கம் மயிரளவு. பிறகு கழற்றும் பக்கம் மயிரளவு. லஸ்ஹர் எத்தனையோ மெக்கானிக்குகளைப் பார்த்தவர். பத்தாவது திருப்பில் கோபம் தலைக்கேறி, ஒரே இழுப்பில் போல்ட்டை முறித்துவிட்டு, இரும்பைத் திட்டுகிறவர்கள்தான் முக்கால்வாசிப் பேர். அவரும் முறித்திருக்கிறார். இவள் வாய் நட்டைத் திட்டிக்கொண்டே இருந்தது, தாயையும் இழுத்தது, தகப்பனையும் இழுத்தது. கைக்கு மட்டும் அந்தக் கோபம் போய்ச் சேரவே இல்லை. வெயில் உச்சிக்கு வந்தபோது நட்டு கிறீச்சிட்டு நகர்ந்தது. அவள் முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை தோல் உரிந்திருந்தது. அதைப் பார்க்கக்கூட இல்லை. "அடுத்தது என்ன?" என்றாள்.

அடுத்தது தூக்குவது. பாயின் அடிக்கம்பத்தை எஞ்சின் அறை வாசலுக்கு நேராக நிறுத்தி, பாய்மரத்தின் உச்சியிலிருந்து கயிறு போட்டுத் தாங்கவைத்து, கப்பி மாட்டி எஞ்சினை ஒரு சாண் தூக்கினார்கள். காற்றை வாங்கிய கம்பம் இரும்பையும் முனகாமல் வாங்கியது. பழைய மவுண்டிங்குகளின் ரப்பர் கையில் பொடிந்தது.

புது மவுண்டிங் கேட்டு, தலைநகர் டூனிஸில் இருக்கும் கடைக்குப் போன் போட்டாள். "ரெண்டு வாரம், இன்ஷா அல்லாஹ்" என்றார்கள். ஜலீலா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"கமையிஸோட விளக்குப் படகுலயும் இதே எஞ்சின்தான்" என்றார் லஸ்ஹர் மெதுவாக.

"அந்த ஆளு பேரை எடுக்காதே."

குளிர்காலத்தில் அவள் நங்கூரம் கமையிஸின் மத்தி வலையைக் கிழித்தது. காபிக்கடையில் அவர் அவளைக் கேட்காத கேள்வியெல்லாம் கேட்டார். அவள் அதற்குமேல் கேட்டாள். அன்றோடு பேச்சில்லை.

ஆனாலும் எழுந்து போனாள். லஸ்ஹரும் பின்னாலேயே போனார். கமையிஸ் துறையில் உட்கார்ந்து வலை தைத்துக்கொண்டிருந்தார். முழுநிலாக் காலம். நிலா வெளிச்சத்தில் விளக்கைப் பார்த்து மத்தி வராது. விளக்கு வைத்து மீன்பிடிக்கும் படகெல்லாம் கட்டிக் கிடந்தன.

"கமையிஸ் அண்ணே."

"யாரு, வலையறுக்கிற மகாராணியா? இன்னிக்கு எதை அறுக்கணும்?"

"உன் விளக்குப் படகு மவுண்டிங் நாலும் வேணும்."

அவர் ஒரு முடிச்சுப் போட்டு முடித்தார். "எஞ்சினை நான் மடியில வச்சுக்கவா?"

"நிலா முழுசா இருக்கு. இப்ப நீ கடலுக்குப் போகலியே."

"கணக்குப் போட்டுத்தான் வந்திருக்கே. நிலா தேஞ்சப்புறம்?"

"அதுக்குள்ள டூனிஸ்லேர்ந்து சரக்கு வரணும்."

"வரலைன்னா?"

வேறு யாராக இருந்தாலும் பிள்ளைகள் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருப்பார்கள். லஸ்ஹரே செய்திருப்பார். ஜலீலா, "வரலைன்னா உன் தொழில் கெடும். நான்தான் கெடுத்தேன்னு ஊரைக் கூட்டிச் சொல்லு, ஆமான்னுதான் சொல்வேன்" என்றாள்.

கமையிஸ் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"லஸ்ஹரு, வேடிக்கை பாக்காம ஸ்பேனரை எடு. என் போல்ட்டு ஒண்ணு உடைஞ்சுதோ, உன் தோளைக் கழட்டிப் பதிலுக்கு மாட்டிருவேன்."

அந்தக் கெட்ட வாய்க்காரரின் எஞ்சினை லஸ்ஹர் குனிந்து விரலால் தடவிப் பார்த்தார். பெயிண்ட் ஒரு சொட்டு இல்லை. கறுத்த இரும்பு, கிரீஸ், சுற்றிக் கட்டிய துணி. முதல் திருப்புக்குத்தான் ஸ்பேனர் வேண்டியிருந்தது, மீதியை விரலாலேயே கழற்றினார். நான்கு ஒலிவ மரக்கட்டைகளை அடியில் கொடுத்து, அந்த எஞ்சினை அதன்மேல் உட்காரவைத்தார்கள்.

கமையிஸ் வீட்டுக்குப் போவார் என்று நினைத்தார்கள். அவரும் ஜலீலாவின் படகேறி வந்து, எஞ்சினையும் விசிறியையும் இணைக்கும் ஷாஃப்ட்டின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு குந்தினார். ஜலீலா மவுண்டிங் நட்டை ஏற்றி இறக்க, "மேல... போதும். எருமை, போதும்னேன்ல" என்று ஷாஃப்ட் நேராகும்வரை உறுமிக்கொண்டிருந்தார். எஞ்சினை ஓடவிட்டதும் படிமேல் இருந்த தேநீர்க் கிளாஸ் நடுங்கவில்லை. கமையிஸ் அந்தத் தேநீரைக் குடித்துவிட்டு, சொல்லாமல் இறங்கிப் போனார்.

திங்கட்கிழமை ஜலீலா ஜெம்பிராவுக்குப் போனாள். மறுநாளும் போனாள். பறவைக்காரர்கள் கோடை முடியும்வரை என்று உறுதியாகச் சொல்லிவிட்டார்கள்.

நிலா தேய்ந்தது. டூனிஸிலிருந்து ஒன்றும் வரவில்லை. தினம் கேட்டாள், தினம் நாளை என்றார்கள். துறையில் விளக்குப் படகுகள் ஒவ்வொன்றாக ஐஸ் ஏற்றின. அன்று பொழுது சாயும் நேரம், கமையிஸ் தன் விளக்குப் படகில் இரண்டு துடுப்புகளைப் போட்டார். எஞ்சின் கட்டைமேல் கிடக்க, அறுபதைத் தாண்டிய மனிதர் எழுந்து நின்று துடுப்புப் போட்டுத் துறைவாயைத் தாண்டினார். ஜலீலா பக்கம் திரும்பவில்லை. அவளைப் பற்றி யாரிடமும் ஒரு சொல் சொல்லவில்லை.

லஸ்ஹர் பக்கத்தில் பார்த்தார். ஜலீலா போனைக் காதில் வைத்தபடி நின்றிருந்தாள். அந்தப் பக்கம், டூனிஸ் கடையில், மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

ஜலீலா கமையிஸுக்கு நான்கு மவுண்டிங் தர வேண்டும்.